திரும்பி வந்த வெள்ளிக்கிழமை

என் நாத்தனார் லெபேகாவிடம் மணி கேட்டால் மணியைச் சொல்ல மாட்டாள், ஆளைச் சொல்லுவாள்.

"தவிதா இப்பதான் ரப்பர் பூட்ஸைக் கழட்டி எறிஞ்சிட்டு உட்கார்ந்திருப்பான். இப்பப் போடு போனை" என்பாள். தவிதா அவளுடைய கடைசித் தம்பி, அலாஸ்காவில் ஆங்கரேஜ் ஊரில் மீன் வெட்டும் ஆலையில் வேலை. "மலியா அத்தைக்கு வேணாம். இப்ப முழங்கால்ல நிக்கிறா. ஜெபத்துக்கு நடுவுல மணி அடிச்சா நீ வாங்கிக் கட்டிக்குவே" என்பாள். மலியா அத்தை அவள் அப்பாவோடு பிறந்தவள், அமெரிக்காவில் யூட்டாவில் இருக்கிறாள். இரண்டு பேரும் எங்கள் சமோவா நாட்டுச் சவாயீ தீவை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லெபேகாவோ ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. ஆனாலும் ஈரப்பலா மரத்தடியில் சேம்பு சீவிக்கொண்டே ஆங்கரேஜில் யார் தும்முகிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினால் என்ன, கூரை இடிந்து விழுந்துவிடுமா? கேட்டும் விட்டேன்.

"கடிகாரம் இங்க என்ன மணின்னுதான் சொல்லும் லானு. அது எனக்கு எதுக்கு? வெயிலைப் பார்த்தாத் தெரியாதா?" என்றாள் லெபேகா.

அவள் சின்ன வயதில் எங்கள் வட்டாரத்துத் தபாலாபீசில் டெலிபோன் பெண்ணாக இருந்தவள். பத்து ஊருக்கு அந்த ஒரே போன்தான். வெளிநாட்டில் இருக்கிற மகன் கூப்பிடுவான் என்று தாய்மார்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்களாம். மகனோ அவன் ஊர் நேரத்துக்குக் கூப்பிடுவான், இங்கே எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் லெபேகா ஒவ்வொரு மகனும் எப்போது எழுந்திருக்கிறான், எப்போது பஸ் பிடிக்கிறான் என்று விசாரித்து மனதில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "டெலிபோனைக் கட்டிக்கிட்டேன். அது வேளாவேளைக்குக் கத்துமே தவிர, சோறு கேட்காது" என்று சிரிப்பாள்.

எங்கள் பக்கத்தில் அக்காவின் சொல்லுக்குத் தம்பி எதிர்ச்சொல் சொல்லக் கூடாது. அதனால் என் வீட்டுக்காரர் ஃபலானிகோவுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். மருமகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதால் நான் மட்டும் அவ்வப்போது முணுமுணுத்துக்கொள்வேன்.

முக்கியமாக டிசம்பரில் முணுமுணுப்பேன். டிசம்பர் முப்பது அவள் பிறந்தநாள். நாள் பிரிக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நம் நாட்டை இந்தப் பக்கம் கொண்டுவரப் போகிறோம், அப்போதுதான் ஆக்லாந்தும் நாமும் ஒரே கிழமையில் வியாபாரம் பேசலாம் என்று அரசாங்கம் ஒரு வருஷம் அறிவித்தது. சரி, பேசிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை படுத்தோம், எழுந்தால் சனிக்கிழமை. நடுவில் இருந்த வெள்ளிக்கிழமையை விழுங்கிவிட்டார்கள். அந்த வெள்ளிதான் டிசம்பர் முப்பது.

"தேடித் தேடி என் பிறந்தநாளையா முழுங்கணும்? போன புதன்கிழமை சும்மாதானே கிடந்தது!" என்று லெபேகா அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

சாயங்காலம் அவள் சித்தி மகள் ஐலினி போன் செய்தாள். ஐலினி இருப்பது பாகோ பாகோவில். அதுவும் சமோவாதான், ஆனால் அமெரிக்காக்காரனுடைய சமோவா. கோடு நகர்ந்தபோது அவர்கள் நகரவில்லை. விமானம் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம், ஆனால் அங்கே எப்போதும் நேற்று.

"எதுக்குக்கா அழறே? இங்க இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை. உன் பிறந்தநாள் எங்க வீட்டுலதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள் ஐலினி. அங்கேயே கேக் வெட்டி, லெபேகா பேரைச் சொல்லித் தின்றும் தீர்த்தார்கள்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் இரண்டு பிறந்தநாள். எங்களுக்கு முப்பது வரும்போது ஒன்று, மறுநாள் ஐலினிக்கு முப்பது வரும்போது இன்னொன்று. இரண்டுக்கும் கேக் செய்கிறவள் நான். அப்படியும் லெபேகாவுக்கு ஆறவில்லை. "என்ன இருந்தாலும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வரவே இல்லையே" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது பட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத் தலைவருக்கு லேமாலுவா என்று பட்டம். பட்டம் உள்ளவர்தான் ஊர்ச் சபையில் உட்கார்ந்து எங்களுக்காகப் பேச வேண்டும், நிலத்துக்கும் பெயருக்கும் அவர்தான் பொறுப்பு. லெபேகாவின் பெரியப்பா அந்தப் பட்டத்தோடு இருந்தவர். பெருந்தொற்று வந்து வானத்தையே பூட்டிப் போட்டிருந்த சமயத்தில் அவர் இறந்தார். அவருடைய மகன் சேஃபோ ஆக்லாந்தில் இருந்தான். பெற்ற அப்பாவைப் புதைக்க வரமுடியவில்லை. மகன் இடத்தில் நின்று என் வீட்டுக்காரர்தான் மண் போட்டார், அவன் போனில் பார்த்து அழுதான். அந்த அழுகையை நான் கேட்டேன், மறக்க மாட்டேன்.

அதற்கப்புறம் பட்டம் காலியாகக் கிடந்தது. சேஃபோவுக்கும் உரிமை உண்டு, என் வீட்டுக்காரருக்கும் உண்டு. ஊர்ச் சபை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஈஸ்டருக்குள் குடும்பம் ஒரு வாயாக ஒரு பெயரைச் சொல்லட்டும், இல்லாவிட்டால் கோர்ட் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பியது. கோர்ட்டுக்குப் போன குடும்பம் மறுபடி ஒரே மண் அடுப்பில் சமைத்ததாக எங்கள் தீவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. லெபேகாவுக்கு அந்தப் பயம்தான். யாருக்குப் பட்டம் என்பது அவளுக்குப் பெரிதில்லை, அடுப்பு இரண்டாகக் கூடாது.

எல்லாரையும் ஒரே நேரத்தில் போனில் உட்காரவைக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒருத்தரும் குடும்ப வழக்குப் பேச மாட்டார்கள். திங்கட்கிழமை பேசலாம் என்றால் யூட்டாவில் அப்போதுதான் ஞாயிறு, மலியா அத்தை வாயைத் திறக்க மாட்டாள். மற்ற நாளில் தவிதா மீன் குடலுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பான், சேஃபோ மாற்றி மாற்றி ஷிப்டில் இருப்பான். சலித்துச் சலித்துப் பார்த்ததில் எங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் மிஞ்சியது. அப்போது தவிதாவுக்கு வெள்ளி இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், அத்தை தூங்கப் போயிருக்க மாட்டாள்.

"உங்களுக்கு வெள்ளி ராத்திரி ஒன்பது அத்தை" என்று ஒரு சேதி. "உனக்கு ஏழு மணிடா" என்று தவிதாவுக்கு ஒன்று. "நமக்கு நாலு மணி சேஃபோ. உனக்கும் நாலுதான், நீயும் நாங்களும் இப்ப ஒண்ணாச்சே" என்று ஆக்லாந்துக்கு.

அந்தக் கடைசிச் சேதியில்தான் அவள் சறுக்கினாள். முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை ஆக்லாந்து கடிகாரத்தை நகர்த்தும், கூடவே நாமும் நகர்த்துவோம். இடையில் எப்போதும் ஒரு மணி வித்தியாசம். அதற்கு முந்தைய வருஷம்தான் நம் அரசாங்கம், இனிமேல் கடிகாரத்தைத் தொடப்போவதில்லை என்று விட்டுவிட்டது. அந்தக் கோடையில் ஆக்லாந்தும் நாமும் ஒரே மணிக்கு வந்து நின்றோம். லெபேகா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். ஏப்ரலில் ஆக்லாந்துக்காரன் வழக்கம்போல முள்ளைப் பின்னால் இழுத்தான், நாம் இழுக்கவில்லை. அது அவள் மனதில் ஏறவே இல்லை. பத்து வருஷம் கூடவே நடந்தவன் ஒரு அடி பின்தங்குவான் என்று யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சனிக்கிழமை வந்தது. வீட்டு நடுவில் பெட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். திரையில் தவிதா வந்தான், அத்தை வந்தாள். சேஃபோ வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோகோ காய்ச்சிக் கொடுத்தேன், குடித்தோம். வரவில்லை.

"அவன் வராம இருக்கிறதே பதில்தான்" என்றாள் அத்தை.

"வருவான் அத்தை. வர்றேன்னு சொன்னா வந்துடுவான்" என்றாள் லெபேகா.

"எனக்குக் கண்ணு சொக்குது. அவனுக்காக நான் விடிய விடிய முழிச்சிருக்கணுமா? ஃபலானிகோ பேரைச் சொல்லி முடி."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்! பட்டக்காரர் பெண்டாட்டி என்றால் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் முன்வரிசைப் பாய். ஆனால் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார். "அண்ணன் இல்லாம என் பேரை எடுக்காதீங்க அத்தை."

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இப்படியே போனது. அத்தைக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து கத்தினாள்: "அப்பனைப் புதைக்க வராதவன், அப்பன் பட்டத்துக்கு மட்டும் ஓடி வருவானா?"

அந்த வினாடியில் திரையின் மூலையில் சேஃபோவின் முகம் வந்தது.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, தலையை வழித்துச் சீவியிருந்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"பாட்டுப் பழகப் போயிருந்தேன், கோயிலுக்கு. போனு பையில இருந்துச்சு" என்றான் மெதுவாக. "நாலு மணின்னு சொன்னீங்க. நாலடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சீக்கிரமே போய் உட்காருவோம்னு வந்தேன். நல்ல வரவேற்பு." அவன் விரல் போனை அணைக்க வருவது திரையில் பெரிதாகத் தெரிந்தது.

"கட் பண்ணாதே சேஃபோ!" என்று லெபேகா அலறினாள். அவன் நாலு என்று சொன்னதுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் சாம்பல் பூத்துவிட்டது. "தப்பு உன்னுதில்லடா, என்னுது. உங்க ஊர்ல கடிகாரத்தை இழுத்துட்டாங்க. நான் மறந்துட்டேன். நான்தான் மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். படுக்கைக்கு அடியில் மடித்து வைத்திருந்த குடும்பப் பாயை எடுத்து வந்தாள். தாழை ஓலையை நூல்போலக் கிழித்து, பட்டுப்போல நெய்த பாய் அது. பெரிய கல்யாணத்துக்கும் பெரிய சாவுக்கும்தான் வெளியே வரும். போனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலை குனிந்து, அந்தப் பாயைத் தலையோடு மூடிக்கொண்டாள்.

மன்னிக்க முடியாத தப்பு செய்தவர்கள்தான் எங்கள் ஊரில் அப்படி உட்காருவார்கள். யாருக்குத் தப்பு செய்தார்களோ அவர் வாசலில் பாய்க்குள் உட்கார வேண்டும். அவராக வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு, தூக்காவிட்டால் மழையோ வெயிலோ அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"ஐயோ, கொலைக்குப் போடுற பாய்டி அது! மணி பார்க்கத் தெரியாததுக்குப் போடுவாங்களா? எந்திரிடி!" என்று அத்தை யூட்டாவிலிருந்து கத்தினாள்.

"அக்கா, பாயை எடு. வேணாங்க்கா. நான் ஒண்ணும் நினைக்கலே. எடுத்துடு" என்று சேஃபோ பதறினான்.

"நீ வந்து தூக்கு" என்றது பாய்.

"நான் எப்படிக்கா தூக்குறது? நான் ஆக்லாந்துல இருக்கேனே!"

"அப்ப நான் இப்படியே இருக்கேன்."

பாயைத் தூக்க வேண்டியவன் கடலுக்கு அந்தப் பக்கம். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பாய்க்குள் அவள் விசும்புவது கேட்டது. தவிதா ஒரு பெரிய ஆண்பிள்ளை, அவனும் ஆங்கரேஜில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் எழுந்து போன் முன்னால் வந்து மண்டியிட்டார். "சேஃபோ அண்ணே, உன் கையா நான் இருக்கலாமா?" என்று கேட்டார்.

சேஃபோ போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "இருடா. தூக்கு" என்றான்.

அவர் பாயின் இரண்டு முனையையும் பிடித்து மெல்லத் தூக்கினார். உள்ளே தலை கலைந்து, வேர்த்து, மூக்கு சிவந்து லெபேகா. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பாய் எனக்கும் சேர்த்துன்னு வெச்சுக்கடா சேஃபோ. என் நாக்குல புழு விழ" என்றாள் அத்தை.

"விடு அத்தை. உன் நாக்கு எனக்குப் புதுசா?" என்றான் சேஃபோ. அப்போதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அப்புறம் பேச்சு ஆரம்பித்தது. பேச்சென்றால் முன்னோர் பெயர் எல்லாம் சொல்லி, ஆளாளுக்கு முறைப்படி சுற்றிவந்து விஷயத்தைத் தொட வேண்டும். சேஃபோ முறை வருவதற்குள் வெயில் போய்விட்டது. அவன் தொண்டையைக் கனைத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து ஊர்க்கோடியில் சங்கு ஊதினார்கள்.

சங்கு ஊதினால் எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து சாயங்கால ஜெபம் செய்ய வேண்டும். தெருவில் நடக்கக் கூடாது, வேறு பேச்சு கூடாது. தடியோடு காவல் நிற்கிற பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மணி தாமதம் ஆகாமல் இருந்திருந்தால் சங்குக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். போனை அணைக்கலாமா என்று நான் கையை நீட்டினேன்.

"அணைக்காதீங்க" என்றான் சேஃபோ. "சங்குச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு."

லெபேகா பாட்டை எடுத்துக் கொடுத்தாள். தவிதாவும் பாடினான், நடு இரவை நெருங்கிக்கொண்டிருந்த அத்தையும் பாடினாள். போன் அல்லவா, ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் இரண்டாம் அடியில் இருக்கும்போது அலாஸ்கா முதலடியில் இருந்தது. ஆக்லாந்து நடுவில் எங்கேயோ. நாங்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகு மூன்று ஆமென்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லெபேகா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

மறுபடி சங்கு ஊதியதும் சேஃபோ சுற்றி வளைக்காமல் சொன்னான்: "அப்பாவைப் புதைக்க என் கை எட்டலே. இன்னைக்கு அக்கா பாயைத் தூக்கவும் எட்டலே. ரெண்டு தடவையும் எட்டுனது ஃபலானிகோ கைதான். பட்டம் அந்தக் கைக்கே போகட்டும்."

யாரும் எதிர்ச்சொல் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. முன்வரிசைப் பாய் எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை என்றால் நம்புங்கள்.

அந்த வருஷமே வானம் திறந்தது. பட்டம் சூட்டுகிற விழாவுக்கு எல்லாரும் வருவதாக முடிவானது. எந்த நாள் என்று லெபேகாவிடம் கேட்டார்கள். எல்லாருடைய வசதியும் பார்த்து நாள் குறிக்கிறவள், அன்றைக்கு மட்டும் தன் வசதியைச் சொன்னாள். "டிசம்பர் முப்பது. அன்னைக்கு வெள்ளிக்கிழமை."

வந்தார்கள். வீடு கொள்ளவில்லை, கூடாரம் போட்டோம். மலியா அத்தை பெட்டி நிறையச் சாக்லேட்டோடு வந்து இறங்கினாள். சேஃபோ விமானத்திலிருந்து நேராக அப்பா சமாதிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். ஐலினி பாகோ பாகோவிலிருந்து மடியில் வைத்து ஒரு கேக் கொண்டுவந்தாள். "இந்தாக்கா, இத்தனை வருஷமா எங்க வீட்டுல இருந்த உன் வெள்ளிக்கிழமை" என்று கொடுத்தாள்.

விழா அன்று காலை மண் அடுப்புப் புகைக்கு நடுவில் லெபேகா தூணில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்த வேளைக்கு யார் எழுந்திருப்பார்கள், யார் தூங்கப் போவார்கள் என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு வெளியூரில் ஆளே இல்லை. எல்லாரும் கண்முன்னால் நின்றார்கள். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவள் மணி கேட்டாள்.

"இப்ப என்ன மணி?"

"ஆறரை" என்றான் சேஃபோ. "ஆறரை" என்றாள் அத்தை. "ஆறரைக்கா" என்றாள் ஐலினி.

தவிதா மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நேத்து காலையில எட்டரை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லெபேகா அவன் கையைப் பிடித்து இழுத்து, வாட்சின் திருகை வெளியே எடுத்து, முள்ளைத் தானே திருப்பி வைத்தாள்.

"இப்ப எல்லாருக்கும் ஒரே மணியா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும்தான்க்கா" என்றான் தவிதா.

அவன் கையை அவள் விடவே இல்லை. வாட்சைப் பார்த்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். கேக்கை வெட்ட நான்தான் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.